பெயரை மறுக்கும் படிவங்கள்

எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள். தானியங்கிச் சோதனையிலோ ஒன்றே, ஆங்கிலம். இணையதளம் அமைப்போர் பக்கத்தின் மூலையில் மொழிப்பட்டியலை வைத்துவிட்டு, சோதனை நிரலில் ‘சப்மிட்’ என்ற சொல்லைக் கொண்டே பொத்தானைத் தேடுகின்றனர். பக்கம் தமிழுக்கோ இந்திக்கோ மாறியதும் சோதனை முறிகிறது. பொத்தானுக்கு மொழிசாராத அடையாளக்குறி இட ஒரு வரி போதும். அதை எழுதாமல் பிற மொழிகளுக்கான சோதனையையே நீக்கிவிடுகின்றனர்.

விளைவு பெயர்ப்பெட்டியில் தெரியும். ‘முருகன்’ நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள். அவற்றுள் உகரக் குறிகள் இரண்டும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் சேரா. ‘எழுத்து மட்டும்’ என்று விதி வகுத்தவர் ஆங்கிலத்தில் ‘ஜான்’ என இட்டுப் பார்த்துத் தேர்ச்சி வழங்கினார். முருகனுக்குக் கிடைப்பதோ ‘செல்லாத பெயர்’ என்னும் அறிவிப்பு, அதுவும் நல்ல தமிழில்! இந்தியின் மாத்திரைகளுக்கும் இதே கதி. அந்தந்த மொழியில் ஒரு பெயரையேனும் இட்டுச் சோதிக்காதவர், அம்மொழியைப் பட்டியலில் காட்டுவது எந்த நியாயத்தில்?