கைதட்டல் யாருக்கு?

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். லாரிச் சத்தம் ஓயாத அந்தச் சாலையை விட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தால், முன்னறையையே தொழிற்கூடமாக்கிக் கொண்ட ஒரு வீடு. மரச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பட்டுத் துணி. அதன்மேல் குனிந்தபடி ஒரு பெண்மணி. வலக் கையில் கொக்கி முனையுள்ள ஆரி ஊசி. இடக் கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்கிறது. ஊசி இறங்குகிறது, நூலைக் கவ்வுகிறது, ஏறுகிறது. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் சங்கிலித் தையல் ஓடுகிறது.

ஒரு நாள் அவரிடம் என் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினேன். 2023 மார்ச் 30ஆம் தேதி, மும்பையில் 'கேட்வே ஆஃப் இந்தியா'வின் முன்னால், பாரிஸ் நகரத்து டியோர் நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பு. சித்திர வேலை செய்த மாபெரும் தோரணத்தின் அடியில் பெண்கள் விறுவிறுவென்று நடந்து வந்தார்கள், போனார்கள்.

"இன்னா சார் இது, வேலையப் பாக்கறதுக்குள்ள போயிடறாங்களே! கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் அவர். நிறுத்தினேன். விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தார்.

"யார் சார் போட்டது?"

எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெட்கம்தான்.

வேலையைப் பார்ப்பதற்குள் ஏன் போய்விடுகிறார்கள்? சில நிமிஷங்களில் முடிந்துவிடும் அந்த அணிவகுப்பு, வேலையைப் பார்ப்பதற்காக நடப்பதல்ல. அங்கே காட்டப்படும் உயர்ந்த ரக உடுப்புகளை வாங்குகிறவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். மற்றக் கோடானு கோடிப் பேருக்கு விற்க வேண்டிய சரக்கு வேறு: வாசனைத் திரவியம், உதட்டுச் சாயம், கைப்பை, கறுப்புக் கண்ணாடி. 1947 பிப்ரவரி 12ஆம் தேதி கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் தம் முதல் அணிவகுப்பை நடத்தியபோதே, 'மிஸ் டியோர்' என்ற வாசனைத் திரவியத்தை மண்டபமெங்கும் தெளித்தார்கள் என்று சொல்வார்கள். பாவாடை நடந்தது, விலைபோனது வாசனை. கோயில் திருவிழாவில் தேர் விற்பனைக்கு வருவதில்லை. தேரைச் சுற்றிய கடைகளில்தான் வியாபாரம். அதே சூட்சுமம்தான்.

வியாபாரி விளம்பரம் செய்யட்டும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த விளம்பரத்துக்கு மூலதனம் எது? கையால் செய்த வேலை என்கிற கௌரவம். எந்தக் கையை முதலாகப் போட்டு வியாபாரம் நடக்கிறதோ, அந்தக் கைக்கு உரியவரின் பெயரை மட்டும் காணோம். கடைசியில் வடிவமைப்பாளர் ஒருவர் வந்து வணங்குகிறார். கைதட்டல் முழுதும் அவருக்கு. நம் சினிமாவைப் பற்றி ஆயிரம் குறை சொல்கிறோமே, அதில்கூடத் தையற்காரர் பெயரும் ஒப்பனைக்காரர் பெயரும் திரையில் வருகின்றன!

நியாயமாகச் சொல்ல வேண்டும். மும்பைக் காட்சியின்போது டியோர் நிறுவனம், தனக்காகச் சித்திரத் தையல் செய்த சாணக்யா தொழிற்கூடத்தின் பெயரை மறைக்கவில்லை. பெண்களுக்கு அந்தக் கலையைக் கற்பிக்கும் அதன் பள்ளியையும் பாராட்டியது. நல்ல காரியம். ஆனால் கூடத்துக்குப் பெயர் கிடைத்ததே தவிர, கைக்குக் கிடைக்கவில்லை.

மறைத்தவர்களும் உண்டு. 2025 ஜூனில் மிலான் நகரத்து மேடையில் இத்தாலியப் பிராடா நிறுவனம் ஒரு செருப்பைக் காட்டியது. பார்த்த மாத்திரத்தில் கோலாப்பூர்ச் செருப்பு என்று நம் ஊர்க் குழந்தைகூடச் சொல்லும். 2019இலேயே மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் பொதுவாகப் புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. பிராடாவோ 'தோல் செருப்பு' என்றதோடு நிறுத்திக்கொண்டது. இங்கே கூக்குரல் எழுந்த பிறகுதான், இந்தியக் கைவினையிலிருந்து பிறந்தது என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில், இரு மாநிலங்களிலும் இரண்டாயிரம் ஜோடி செய்வித்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப் போவதாக அறிவித்தது. கோலாப்பூர்க் கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான்! செருப்பு அதேதான், மேடை ஏறி இறங்கியதில் வந்த விலை அது.

"வேலை கிடைக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். வேலை பிச்சையல்ல. இத்தனை நேர்த்தியாக, இத்தனை மலிவாக வேறெங்கும் கிடைக்காததால்தான் நம்மைத் தேடி வருகிறார்கள். கைவேலைக்காரருக்குக் கூலி ஒரு பாதி. பெயர் மறு பாதி. பெயர் இருந்தால்தான் அடுத்த தடவை கூலியைக் கூட்டிக் கேட்க நாக்கு எழும். பெயரற்றவரிடம் முதலாளி சொல்லும் பதில் ஒன்றே: "நீ இல்லாவிட்டால் இன்னொருவர்."

பாரிஸையும் மிலானையும் திட்டுவது சுலபம். திட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போகலாம். போகிற வழியில் ஒரு கேள்வி. சென்னீர்குப்பத்துப் பெண்மணி இரவெல்லாம் கண் விழித்து முடித்த ரவிக்கை, நகரத்துக் கடை ஒன்றுக்குப் போகிறது. அங்கே அதன் கழுத்தின் உள்பக்கத்தில் ஒரு பட்டுச் சீட்டுத் தைக்கப்படுகிறது. சீட்டில் இருப்பது கடையின் பெயர். கல்யாண மண்டபத்தில் மணப்பெண் நடந்து வரும்போது, "எந்தக் கடை?" என்று கேட்கிறோம். "யார் கை?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மண்டபத்து ஜமுக்காளமும் ஒரு சிறிய மிலான் மேடைதான்!

பிராடா தானாக மனம் திருந்தவில்லை; ஜனங்கள் கேட்டார்கள், திருந்தியது. கேட்பதற்குப் பலன் உண்டு. ஆகவே, அடுத்த முறை ரவிக்கை வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: "இதைப் போட்டது யார்? அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?" அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்; பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

நான் சென்னீர்குப்பத்தை விட்டுப் புறப்படும்போது அந்தப் பெண்மணி ரவிக்கையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். முன்பக்கத்தைப் போலவே அங்கும் ஒரு முடிச்சுப் பிசகவில்லை.

"யாரும் பாக்க மாட்டாங்க சார். ஆனா எனக்குத் தெரியுமில்ல?" என்றார்.

கைதட்ட வேண்டிய இடம் அதுதான்.