திருச்சுழிக்கு மின்சாரக் கார்

சகோதரிகளே, அருப்புக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகையில், சத்தமே போடாமல் ஒரு கார் முந்திச் சென்றால் பயந்துவிடாதீர்கள். பேய் பிசாசல்ல, மின்சாரக் கார்! வியட்நாம் தேசத்து வின்பாஸ்ட் கம்பெனியார் 2025 ஆகஸ்டு 4-ந் தேதி தூத்துக்குடியில் தொழிற்சாலையே திறந்துவிட்டார்கள். வி.எப். 6, வி.எப். 7 என்று இரண்டு ரகங்களோடு ஆரம்பம்.

'ஹைப்ரிட்' வேறு சமாசாரம். பெட்ரோல் ஊற்றத்தான் வேண்டும். பிரேக் போடுகையில் வீணாகும் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், சிக்கனக்கார மாமியார் மாதிரி. (திருச்சுழியிலிருக்கும் என் மாமியாரைச் சொல்லவில்லை!)

மின்சாரக் கார் வாங்கலாமா என்றதும் வீட்டில் கேட்டாள்: "அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். நடுராத்திரி மதுரைக்கு அழைத்துவர நேர்ந்தால்?"

கணக்குப் போட்டேன். சின்ன ரகத்தின் பாட்டரி 59.6 யூனிட். கம்பெனிக் கணக்கு 460 கிலோமீட்டருக்கு மேல். கரிசல் காட்டு வெயிலும் ஏர்கண்டிஷனும் தின்றதுபோக 300 என்று வையுங்கள். மதுரையிலிருந்து போய்வர 150 கூட ஆகாது. ஆனால் வீட்டுப் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட்தான் ஏறும். காலிப் பாட்டரி நிரம்ப 20 மணி நேரம்!

"ராத்திரிதோறும் மறக்காமல் ஏற்ற வேண்டும்" என்றேன்.

"கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறதே?"

"அது பகலில்தானே!"

"பகலெல்லாம் வண்டி உங்கள் ஆபீஸ் வாசலில் சும்மாதானே நிற்கும்? அங்கே பிளக் இருக்கிறதா என்று முதலில் கேட்டு வாருங்கள்" என்றாள்.

நாளைக்குக் கேட்க வேண்டும்.