டும் டும் டும் டும்: எங்கட சேர்ச் பேஸ் பற்றிக் கொஞ்சம்

ஆராதனை முடிஞ்சு வெளியில வாற ஒருவரிடம் "இண்டைக்கு பேஸ் எப்பிடி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏன், ஆர் வாசிச்சது?" என்று திருப்பிக் கேட்பார். பாடினவரைத் தெரியும். ட்ரம்ஸ் சத்தம் கூட என்று முறைப்பாடு சொல்லத் தெரியும். கீபோர்ட் பிழைத்த இடம்கூட ஞாபகம் இருக்கும். பேஸ் கிற்றார் மட்டும் ஒருவருக்கும் ஞாபகமில்லை, ஏனென்றால் ஞாபகம் வைக்க அதில் ஒன்றும் நடக்கவில்லை. ஜி வந்தால் எட்டு ஜி. டி வந்தால் எட்டு டி. ஈ மைனருக்கு எட்டு ஈ, சி-க்கு எட்டு சி. பிறகு திரும்ப முதலில் இருந்து. நத்தாரோ பெரிய வெள்ளியோ, எல்லாவற்றுக்கும் அதே டும் டும் டும் டும்.

நானும் கம்பஸில் இருந்து ஊருக்குப் போற வார இறுதிகளில் சபையில் பேஸ் வாசிக்கிற ஆள்தான். ஆகவே இதை வெளியில் நின்று எறியும் கல்லாக எடுக்க வேண்டாம். ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது குற்றமில்லை. ரெகே பாட்டு ஒன்றை எடுங்கள், ஒரே பேஸ் வரி ஐந்து நிமிசம் சுத்திச் சுத்தி வரும், ஒரு இடத்திலும் அலுக்காது. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே அந்த வரியை ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எங்களிடம் அது தானாக நடக்கிறது. வாசிக்கிறவரை ஒருவரும் தீர்மானிக்கச் சொல்லவில்லை, அவரும் தீர்மானிக்கவில்லை.

ஒரு சேர்ச்சில் பேஸ் பிளேயர் எப்படி உருவாகிறார் என்று யோசித்துப் பாருங்கள். கிற்றார் வாசிக்கத் தெரிந்த மூன்று பெடியள் இருப்பாங்கள். நல்லா வாசிக்கிறவன் லீட், அடுத்தவன் ரிதம், மிச்சம் இருக்கிறவனுக்கு பேஸ். "நாலு கம்பிதானே, கோட்ஸ பாத்து முதல் நோட்ட அடி, காணும்." இவ்வளவுதான் பயிற்சி. (பெண்பிள்ளைகளிடம் இந்த அளவுக்குக்கூட ஒருவரும் கேட்பதில்லை. அவர்களுக்கு மைக் மட்டும். 1960-களில் லொஸ் ஏஞ்சலஸ் ஸ்ரூடியோக்களில் எண்ணிக்கை இல்லாத பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த கரோல் கே ஒரு பெண் என்பதை எங்கட ரீம் லீடர்மாருக்கு யாராவது சொன்னால் நல்லது.)

அதற்குப் பிறகு சவுண்ட். பேஸின் ஆகக் கீழான ஈ கம்பி கிட்டத்தட்ட 41 ஹேர்ட்ஸ். பேச்சுக்கென்று சுவரில் பூட்டின ஸ்பீக்கருக்கு அந்தச் சத்தம் வரவே வராது. தனி அம்ப் இல்லாமல் நேரே மிக்சரில் செருகினால் வாசிக்கிறவருக்கே தன் சத்தம் கேட்காது. கேட்காதவர் துணிந்து ஒன்றும் செய்ய மாட்டார், பாதுகாப்பான நோட்டில் நிற்பார். நான் கண்ட பாதி "திறமையில்லாத" பேஸ் பிளேயர்கள் உண்மையில் தங்களுக்குத் தாங்களே கேட்காத ஆக்கள்.

இன்னொரு ஆள் கீபோர்ட். ஸ்ரைல் போட்டு வாசிக்கிற கீபோர்ட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே நீங்கள் வாசிக்கிறது இரண்டாவது பேஸ். ஜி-யில் இருந்து ஈ மைனருக்குப் போகும்போது நடுவில் வாற டி கோட்டுக்கு, டி-யை விட்டிட்டு எஃப் ஷார்ப்பை வாசித்துப் பாருங்கள். ஜி, எஃப் ஷார்ப், ஈ. படி இறங்கிற மாதிரி இருக்கும். கோட் மாறவில்லை, பாடுறவருக்கு ஒரு குழப்பமும் இல்லை, ஆனால் பாட்டுக்குக் கீழே திடீரென்று ஒரு வழி தெரியும். இந்தச் சின்ன விசயத்தைக்கூட ஸ்ரைல் கெடுத்துவிடும். சாதாரண ஃபிங்கரிங் மோட்டில் கோட்டை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் கீபோர்ட் அதை டி என்றுதான் எடுத்து டி-யையே கீழே அடிக்கும். உங்கட எஃப் ஷார்ப்பும் அதன் டி-யும் அடித்தளத்தில் கலந்தால் சேறு. ஸ்ரைலில் பேஸ் பகுதியை மட்டும் நிப்பாட்டலாம், ஒரு நிமிச வேலை. ஆனால் அதற்கு கீபோர்ட் வாசிக்கிற அண்ணாவோட கதைக்க வேணும். சேர்ச் ரீம்களில் ஆகக் கஸ்ரமான சங்கீதப் பயிற்சி அதுதான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பேஸ் தனக்கென்று ஒரு மெலடியோடு நடக்கப் பழகின முக்கியமான இடங்களில் ஒன்று தேவாலயம். 1723-இல் இருந்து சாகும் வரைக்கும் லைப்சிக் நகரத்துத் தேவாலயங்களுக்கு இசை எழுதின பாக், சபைக்கு நல்லாத் தெரிந்த மெட்டுகளை எடுத்துக் கீழே தனியாகப் பாடக்கூடிய ஒரு பேஸ் வரியை எழுதுவார். அவருடைய 'மத்தேயு பாடுகள்' இசையில் ஒரே மெட்டு ஐந்து தடவை வருகிறது. அந்த மெட்டு தமிழ் ஞானப்பாட்டுகளிலும் இருக்கிறது, பெரிய வெள்ளிக்குப் பாடுவார்கள். மேலே மெட்டு மாறாது. கீழே போற குரல்களோ எல்லாத் தடவையும் ஒன்றில்லை, அதனால் தெரிந்த மெட்டு ஓரிடத்தில் ஆறுதலாகவும் ஓரிடத்தில் பயமாகவும் கேட்கும். பாக் தூரம் என்றால் இளையராஜாவைக் கேளுங்கள். 1986-இல் வந்த 'ஹவ் ரு நேம் இற்' இசைத்தொகுப்பில் பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாக ஒரு உருப்படிக்கே பேர் வைத்தவர் அவர். எண்பதுகளில் வந்த அவருடைய பாட்டொன்றை ஹெட்போனில் போட்டு, பாடகரை விட்டிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். பஸ்ஸில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டுக்குள் இன்னொரு பாட்டு இருக்கும்.

கீர்த்தனை என்று வரும்போது கதை இன்னும் சிக்கல். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் காலத்தில் இருந்து எங்களிடம் வந்த பாட்டுகள் ராகத்தில் பிறந்தவை, கோட்டில் இல்லை. அவற்றுக்கு நாங்கள் இப்ப ஜி, டி, ஈ மைனர், சி சட்டையைப் போட்டுவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்த எல்லாருக்கும் மாயாமாளவகௌளை தெரியும், சரளிவரிசையே அதில்தான். சி-யை ச ஆக வைத்தால் ரி என்பது டி ஃப்ளாற். அந்த ராகப் பாட்டு ஒன்றுக்கு கீபோர்ட் ஜி மேஜர் கோட் பிடித்தால் அதற்குள் சாதாரண டி இருக்கும், ராகத்தில் இல்லாத நோட். பாடுற அம்மம்மாக்கள் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். "வயசு போட்டுது, சுருதி சேருதில்லை" என்று நாங்கள் நினைப்போம். சுருதி சேராதது நாங்கள்.

இப்படியான பாட்டில் பேஸ் செய்யக்கூடியது நிறைய. ச-வையும் ப-வையும் தம்புரா மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். வரி முடியிற இடத்தில் டி ஃப்ளாற்றில் இருந்து சி-க்கு இறங்கலாம். இரண்டே இரண்டு நோட், ஆனால் அந்த ராகத்தின் முகம் அதில் தெரியும். இது "கூட வாசிப்பது" இல்லை, எட்டு தரம் அடிக்கிறதை விடக் குறைவு. திச்ர நடையில் போற பாட்டுகளும் அப்படித்தான். ஆறு எண்ணிக்கையில் ஆறையும் அடிக்காமல் 1, 3, 4, 6 என்று நெடில் குறிலாக வாசித்துப் பாருங்கள். பைலா கேட்டு வளர்ந்த எங்கட காலுக்கு அது உடனே விளங்கும்.

இங்கே என் நண்பர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. "டும் டும்" அலுத்துப்போன பெடியள் கனபேர் நேரே யூரியூப் கொஸ்பல் பேஸ் வீடியோக்களுக்குள் குதிக்கிறார்கள். பாடுறவர் மூச்சு எடுக்கிற இடமெல்லாம் ஒரு ஃபில், ஒரு ஸ்லாப். மூன்று கிழமை போனால் அந்த ஃபில்லும் எல்லாப் பாட்டிலும் ஒரே ஃபில்தான். ஒரு பழக்கத்தில் இருந்து இன்னொரு பழக்கத்துக்கு மாறியிருக்கிறார்கள், அவ்வளவே. ரொன் கெனோலியின் 1992-ஆம் ஆண்டு 'லிஃப்ட் ஹிம் அப்' நேரடிப் பதிவில் பேஸ் வாசிக்கும் ஏப்ரகாம் லபோரியேலைப் பாருங்கள். துள்ளுவார், சிரிப்பார், விரல் எல்லாம் செய்யும். ஆனால் காது முழுக்க ட்ரம்ஸிலும் பாடுறவரிலும்தான் இருக்கிறது. நாங்கள் கொப்பி அடிப்பது விரலை மட்டும்.

மற்றப் பக்கத்தில் பெரியாக்கள். "ஆராதனையில கவனம் உன்னில விழக்கூடாது தம்பி." இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், அது வெறும் பேச்சில்லை. ஆனால் யோசிக்காமல் வாசிப்பதற்குத் தாழ்மை என்று பேர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்யாமல் வாற ஒருவரைத் தாழ்மையானவர் என்று சொல்வோமா? பேஸ் ஒழுங்காக அசைந்தால் கவனம் பேஸில் விழாது, சபையின் பாட்டில் விழும். எங்கே போகிறோம் என்று கீழே இருந்து ஒரு சத்தம் காட்டினால், பின் வாங்கில் வாய்க்குள் முணுமுணுக்கிற ஆம்பிளைகள்கூடக் கொஞ்சம் துணிந்து பாடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏ.எல் முடிந்ததோட கனபேர் வாத்தியத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். வேலை, கம்பஸ், வெளிநாடு என்று காரணம் சொல்வோம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆறு ஏழு வருசம் ஒவ்வொரு ஞாயிறும் நின்ற ஒருவரிடம் "இந்தப் பாட்டுக்கு நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? அந்த இடத்துக்கு ஒரு ஆள் தேவையாக இருந்தது, ஒரு மனம் தேவையாக இருக்கவில்லை. அவர் போனதும் அடுத்த கிழமையே கீபோர்ட் ஸ்ரைல் அந்த வேலையைச் செய்கிறது, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு பிராக்டிஸில், ஒரே ஒரு பாட்டில் இதைச் செய்து பாருங்கோ. முதல் சரணம் முழுக்க பேஸ் இல்லை, சும்மா நின்று கேளுங்கள். இரண்டாவதில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரே ஒரு நோட், முழு நீளத்துக்கு. அதற்குப் பிறகு ட்ரம்ஸின் கிக் விழுகிற இடங்களில் மட்டும். கையில் எடுக்க முன்னம் வாயால் பாடிப் பாருங்கள். பாட முடியாத பேஸ் வரி அனேகமாக வாசிக்கவும் தேவையில்லாத வரி. கடைசிச் சரணத்தில் கீபோர்ட் அண்ணாவைக் கும்பிட்டு இடது கையை எடுக்கச் சொல்லுங்கோ. ரீம் லீடர் முறைச்சால், பாட்டு முடியும் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ.