குண்டானுக்கு வந்த அம்மை

போன ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஓர் அலுமினியக் குண்டானோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு சொன்னியே தம்பி, இதைப் பார்! அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி ஆயிடுச்சு.”

வாங்கிப் பார்த்தேன். அடியில் பொட்டுப் பொட்டாக வெள்ளை பூத்திருந்தது. சுரண்டினால் ஒவ்வொரு பொட்டுக்கும் கீழே ஒரு குழி! புளியையும் உப்பையும் கரைத்து அதில் வைப்பது வழக்கம் என்று விசாரணையில் தெரியவந்தது.

நேயர்களே, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டை என்பது ஜனங்கள் வாயில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆயிற்று. ஊர்ப் பெயரையே அரித்துவிடும் காலம் உலோகத்தை மட்டும் விட்டுவைக்குமா? போதாததற்குப் பக்கத்திலேயே கடல், எப்போதும் உப்புக் காற்று.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. காற்றுப் பட்ட கணமே அது தன்மேல் ஒரு போர்வையைப் போர்த்துக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு சில கூறுதான் அந்தப் போர்வையின் கனம். ஆனாலும் கெட்டியான போர்வை. அதைக் கிழிக்கத் தெரிந்த கள்ளன் உப்பு. அவனுக்கு உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடும் ஆளும் உண்டு. பாத்திர அலுமினியத்தில் இரும்பு கலந்த நுண்ணிய துணுக்குகள் இருக்கும். துணுக்கு ஒரு பக்கம், அலுமினியம் மறு பக்கம், நடுவே உப்பு ஜலம். குட்டி பாட்டரி தயார்! அது வேலை செய்யச் செய்ய அலுமினியம் கரைந்து குழி விழுகிறது.

குண்டான் போனால் வேறு வாங்கலாம். ஆகாய விமானம்?

1906-ல் ஆல்பிரட் வில்ம் என்ற ஜெர்மானியர், அலுமினியத்தோடு கொஞ்சம் செம்பும் மக்னீஷியமும் சேர்த்துப் பக்குவப்படுத்தினால், நாலைந்து நாளில் அது தானாகவே கெட்டிப்படுவதைக் கண்டார். விமானத்தின் மேல்தகடு அந்த வம்சத்தில் வந்ததுதான். ஆனால் பலம் தந்த செம்பே கூட்டம் கூடிக்கொண்டு, பாட்டரி வேலையையும் ஆரம்பித்துவிடுகிறது. 1988 ஏப்ரல் 28-ல் ஹவாய்த் தீவுகளில் பறந்துகொண்டிருந்த பயணி விமானம் ஒன்றின் மேற்கூரை ஏறக்குறைய 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். கடற்காற்றில் பல்லாண்டு பறந்த அந்த விமானத்தில், தகடுகளின் இணைப்பு விட்டுப்போய், அரிப்பும் புகுந்து, ஆணித் துளைகளில் விரிசல் கண்டிருந்தது.

இந்த அரிப்பைத் தடுக்க வழி உண்டா? 1960-ல் அமெரிக்கர் தியோடர் மைமன் முதன்முதலாக ஒளிரச் செய்த லேசர் கதிர் இங்கேதான் கைகொடுக்கிறது.

நெய் காய்ச்சும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெய்யை மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறைகிறது. சட்டென்று குளிரவைத்தால் மணல் கட்ட நேரமில்லை, வழவழவென்று உறைந்துவிடுகிறது. லேசர் செய்வதும் அதுதான். தகட்டின் மேல்தோலை மட்டும் கண நேரம் உருக்குகிறது. அடியிலுள்ள குளிர்ந்த உலோகம் சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்ள, தோல் மறுபடியும் இறுகிவிடுகிறது. செம்புக்குக் கூட்டம் கூட அவகாசமில்லை. எங்கும் பரவலாகக் கலந்தபடி உறைகிறது. மேலும் கீழும் இல்லாத இடத்தில் பாட்டரி ஏது? அரிப்பு வாழ்வது வித்தியாசத்தில்தான்.

ஆனால் இது சர்வரோக நிவாரணி அல்ல. சூடு மிஞ்சினால் மக்னீஷியம் ஆவியாகிப் போகும். தோலில் துளையும் வெடிப்பும் விழும். கதிர் ஒரு வரி ஓடி, அடுத்த வரி அதன்மேல் ஏறும் இடத்தில் பழைய வித்தியாசமே தலைகாட்டலாம். அப்போது வைத்தியம் வியாதியைவிட மோசமாகிவிடும். எந்தக் கலவைக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று கண்டறிவதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

இந்த அரிப்பு விஷயத்தை ஆராய நம் நாட்டிலேயே ஒரு பெரிய கூடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுக்க, 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. மண்டபம் கடற்கரையில் உலோகங்களின் அரிப்பைச் சோதிக்க அதற்கு ஒரு நிலையமும் உண்டு.

இவ்வளவையும் அக்காளிடம் சொல்லி முடித்தேன். “அந்த லேசர் என் குண்டானுக்கு வருமா?” என்றாள்.

“வராது அக்கா. குண்டான் விலையைவிடக் கூலி அதிகம்.”

சாயங்காலம் திருவொற்றியூர்க் கரைக்கு நடந்தோம். படகிலிருந்து கழற்றி வைத்த இயந்திரத்தின் மேல் ஒருவர் குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதன் கூடும் அலுமினியக் கலவைதான். அவர் குடும்பத்தின் சோறும் அதில்தான்.

அக்காள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இனிமே புளியை மண்சட்டியில் கரைக்கிறேன். குண்டானை அன்னன்னிக்கே கழுவித் துடைச்சுக் கவிழ்த்து வைக்கிறேன். இதை முதல்லேயே சொல்லியிருக்கலாமே தம்பி, விமானமெல்லாம் எதுக்கு?” என்றாள்.