செவிக்கு எட்டாத ஆட்சித்தமிழ்

வைப்பாற்றங்கரைக் கரிசலில் புரட்டாசி பிறந்து கார்முகில் கூடத் தொடங்கியதும் உழவர் இரண்டு கணக்குப் போடுவர். விதைப்பதற்கு ஒன்று, விதைத்தது காய்ந்தோ மூழ்கியோ போனால் பிழைப்பதற்கு மற்றொன்று. விளாத்திகுளம், எட்டையபுரம், கோவிற்பட்டி வட்டங்களில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் மல்லியும் மிளகாயும் பெரும்பாலும் வானத்தையே நம்பி நிற்பவை. அந்த இரண்டாங்கணக்கு இன்று பயிர்க் காப்பீடு என்னும் பெயரில் நடக்கிறது. அதற்கு அடங்கல் வேண்டும், சிட்டா வேண்டும், வங்கிக் கணக்கேடு வேண்டும், ஆதார் எண் வேண்டும், குறித்த நாளுக்குள் பதியவும் வேண்டும். இவற்றின் வேரெல்லாம் இப்போது கணினிக்குள் இறங்கிவிட்டது. நிலப்பதிவேடுகளை ஆள்வதற்குத் தமிழக அரசு வைத்துள்ள மென்பொருளின் பெயரே 'தமிழ்நிலம்'. பெயரைக் கேட்கும்போது நெஞ்சு குளிர்கிறது. அரசு அலுவலகத்தில் ஒரு பொருளுக்கு இப்படி நல்ல தமிழ்ப்பெயர் வாய்ப்பது அரிதினும் அரிது.

குளிர்ந்த நெஞ்சோடு ஒரு வினாவையும் கேட்டாக வேண்டும். மூன்று குறுக்கம் கரிசல்நிலம் உடைய, பார்வையில்லாத் தமிழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பிறர் கையைப் பிடிக்காமல் அரசின் இணையத்தளங்களுக்குள் நுழைந்து, தம் நிலத்தைப் பற்றித் தாமே கேட்டறிந்து, தம் விண்ணப்பத்தைத் தாமே பதிந்து வெளிவர இயலுமா? நிலம் அவருடையது, மொழி அவருடையது, அரசு அவர் தந்த வரியில் நடப்பது. வாயில் மட்டும் அவருக்கு மூடியிருக்குமானால் அதற்குப் பெயர் மக்களாட்சியா?

'கண்ணில்லாதவர் கணினியைக் கையாள்வதா?' என்று வியப்பவர் இன்னும் உளர். வியப்பு அவர்தம் அறியாமையைக் காட்டுகிறதேயன்றி வேறன்று. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் திரைபடிப்பான் என்னும் மென்பொருள் பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றது. ஆத்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், சேம்சு தே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம். தமிழையும் அது படிக்கும். இன்றைய கைப்பேசிகளிலோ இத்தகைய கருவி உள்ளேயே வைக்கப்பட்டு வருகிறது. தூத்துக்குடிச் சந்தையில் மிளகாய் விற்கும் உழவர் பையிலுள்ள கைப்பேசிக்கும் வாய் உண்டு. அந்த வாய்க்கு அரசு ஊட்டுவது என்ன என்பதுதான் செய்தி.

இந்தத் தென்பாண்டி மண்ணுக்குப் பார்வையற்றோர் கல்வி புதியதன்று. 1890ஆம் ஆண்டளவிலேயே பாளையங்கோட்டையில் ஆசுக்குவித்து அம்மையார் என்னும் கிறித்தவத் தொண்டர் பார்வையற்ற சிறாருக்குக் கல்வி தொடங்கினார். விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் என்னும் புடையெழுத்தில் ழகரத்துக்கும் றகரத்துக்கும் னகரத்துக்கும் தனித்தனிப் புள்ளிக்கோவை உண்டு. எங்கிருந்தோ வந்த ஓர் அயல்நாட்டுப் பெண்மணி நூற்றுமுப்பது ஆண்டுக்கு முன்பு பார்வையில்லாப் பிள்ளைக்கும் எழுத்து வேண்டுமென்று எண்ணினார். தமிழை மூச்சென்றும் உயிரென்றும் மேடைதோறும் முழங்கும் ஆட்சிகளுக்கு அந்த எண்ணம் இன்னும் முழுமையாக வரவில்லை.

எங்கே பழுது? தமிழிலேயேதான் பழுது.

கணினித் தமிழ் தொடங்கிய காலத்தில் எழுத்துருக்காரர் பலர் ஒரு சூழ்ச்சி செய்தனர். சூழ்ச்சியென்றால் தீய நோக்கமன்று. அன்றைக்கு வேறு வழியில்லை. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவை மட்டும் வரைந்து வைத்தனர். பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால் கண்ணுக்குத் தமிழ் என்றே தோன்றும். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ ஆங்கிலத்தின் பத்தாம் எழுத்தும் பதினோராம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் பதினைந்தாம் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்! திரைபடிப்பானுக்கு வடிவம் தெரியாது. வயிற்றில் உள்ளதுதான் தெரியும். ஆகவே 'தமிழ்' என்னும் சொல்லை அது 'சே, கே, பி, ஓ' என்று ஓதும். இதைவிடக் கொடிய மொழிக்கலப்பு எங்கேனும் உண்டா? ஒரு கட்டுரையில் நான்கு வடசொல் கலந்தால் கொதிக்கின்ற உள்ளம், ஓர் ஆவணம் முழுவதுமே உள்ளீட்டில் ஆங்கிலமாய் இருப்பதைக் கண்டு கொதிக்க வேண்டாவா? 2010 சூன் திங்களில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே நாள்களில், ஒருங்குறியையும் பதினாறு நுண்மித் தமிழ்க் குறியேற்றத்தையும் அரசின் செந்தரமாக அறிவித்துத் தமிழக அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் ஆணை பிறந்த பின்னும் பழைய எழுத்துருக்கள் அலுவலக மேசைகளை விட்டு உடனே இறங்கிவிடவில்லை.

அடுத்து, படத்தமிழ். ஓர் அறிவிப்பைக் கணினியில் தட்டெழுதுகின்றனர், தாளில் அச்சிடுகின்றனர், கையொப்பமிட்டு முத்திரை குத்துகின்றனர், பிறகு அத்தாளை ஒளிவருடிப் படமாக்கி இணையத்தில் ஏற்றுகின்றனர். எழுத்தாய் உயிரோடு இருந்ததைப் படமாக்கிக் கொல்வதற்கு இத்தனை உழைப்பு! படத்தின் முன் திரைபடிப்பான் வாய்மூடி நிற்கும். உதவித்தொகைக்கு யார் யார் தகுதியுடையவர் என்னும் அறிவிப்பேகூட, அவ்வுதவித்தொகைக்குரியவர் கேட்க முடியாத வடிவில் வருவதென்றால், அந்த அறிவிப்பு யாருக்கு?

உண்மையான ஒருங்குறித் தமிழிலேயே எழுதப்பட்ட பக்கமும் சில வேளை செவிக்கு எட்டுவதில்லை. ஒவ்வோர் இணையப் பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'இஃது இன்ன மொழி' என்று பொறிக்கு உணர்த்தும் ஒரு குறிப்பு இருத்தல் வேண்டும். ஆங்கிலப் பக்கத்தைப் படியெடுத்து உள்ளே தமிழை நிரப்பும் சோம்பேறித்தனத்தால், அந்தக் குறிப்பு 'ஆங்கிலம்' என்றே நின்றுவிடுவதுண்டு. அப்போது சில பொறிகளில் ஆங்கிலக் குரல் வந்து தமிழை விழுங்கிவிடும், இல்லையேல் உளறும். இதைத் திருத்த எத்தனை கோடி வேண்டும்? இரண்டே எழுத்து மாற்ற வேண்டும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகுநெறிகளில் இது மிக அடிப்படையான முதல்நிலைக் கடமையாக 2008இலிருந்தே வைக்கப்பட்டுள்ளது. படத்துக்கெல்லாம் மாற்றுச் சொல் எழுதுக, சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையாலேயே எல்லாம் இயங்குமாறு அமைக்க என்பவையும் அந்நிலையினவே. பொத்தான்களுக்குப் பெயரே இடாத பக்கங்களும் உள்ளன. அங்கே திரைபடிப்பான் 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மும்முறை சொல்லி நிறுத்திக்கொள்ளும். எது ஒப்புவது, எது அழிப்பது என்று துணிந்து அழுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

எல்லாவற்றையும் கடந்து வந்தவர் தலையில் இறுதியாக விழுவது கோணல் எழுத்துப்படம். நீ மாந்தனா, பொறியா என்று ஆராய்வதற்காக வளைத்து நெளித்து வைக்கப்படும் எழுத்துகளைப் பார்த்து எழுதினால்தான் கதவு திறக்கும். பார்வையில்லாதவர் அதைப் பார்க்க இயலாது. ஆகவே அவர் மாந்தர் அல்லர் என்று பொறி தீர்ப்பளிக்கிறது. ஒலிவடிவில் மாற்று வைத்த தளங்களிலும் பெரும்பாலும் ஆங்கில ஒலியே கேட்கும்.

'இதற்கெல்லாம் இ-சேவை நடுவங்கள் இருக்கின்றனவே. அங்கே போகலாமே' என்பர் அலுவலர். ('இ' ஆங்கிலத்தின் ஓரெழுத்து, 'சேவை' வடசொல். அதை இன்னொரு கட்டுரையில் பார்த்துக் கொள்ளலாம்.) போகலாந்தான். போகும்போது தம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் முன்பின் அறியாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் என்ன தட்டெழுதினார் என்பதைச் சரிபார்க்கவும் வழியில்லை. பார்வையுள்ளவரிடம் 'உன் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே' என்று நாள்தோறும் எச்சரிக்கும் அரசு, பார்வையில்லாதவரிடம் 'யாரிடமாவது சொல்லிக்கொள்' என்று விடுவது எந்த முறையில் சேரும்? இரக்கம் ஒன்று, உரிமை மற்றொன்று. துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது அவர் விருப்பமாக இருக்கலாம், கட்டாயமாக இருக்கக்கூடாது.

'எண்ணிக்கை சிறிது' என்பது இன்னொரு சாக்கு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். ஊனமுற்றோர் என்னும் வடசொற் கலப்பான இழிபெயரை நீக்கி மாற்றுத்திறனாளி என்று தமிழால் பெருமைப்படுத்தியது தமிழக அரசே. பெயரைத் திருத்திய கை தளத்தையும் திருத்த வேண்டும். மேலும், எழுத்தறியாத முதியோர், வெயிலிலும் புகையிலும் கண்மங்கிய கரிமூட்டத் தொழிலாளர், தீப்பெட்டி அடுக்கிக் கைநடுக்கம் கண்ட பெண்டிர் ஆகிய எல்லோருக்கும் பேசும் பக்கமே பயன்படும் பக்கம். வட்டாட்சியர் அலுவலகப் படியருகே சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலி மட்டுமா ஏறுகிறது? மூட்டுவலிப் பாட்டியும் அதில்தான் ஏறுகிறாள்.

சட்டம் இல்லையா? உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. அரசும் தனியாரும் தம் பணிகளை அணுகத்தக்கனவாக்க, விதிகள் வெளியான நாளிலிருந்து ஈராண்டுக் கெடு வைத்தது. விதிகள் 2017 சூனில் வந்தன. கெடு 2019 சூனில் முடிந்தது. நடுவணரசு 2009இலேயே அரசுத் தளங்களுக்கு வழிகாட்டு நெறி எழுதி வைத்திருந்தது. வழிகாட்டி என்றாலே அந்த வழி போகாமலிருக்கவும் உரிமையுண்டு என்று பொருள்கொண்டுவிட்டனர் போலும்! இதைத்தான் உச்ச நயன்மன்றம் 2024 நவம்பர் 8ஆம் நாள் இராசீவ் இரத்தூரி வழக்கில் இடித்துரைத்தது. சட்டம் கட்டாயம் என்றதை விதி வெறும் பரிந்துரையாக்கியது செல்லாது என்று கூறி 15ஆம் விதியின் அப்பகுதியை நீக்கி, கட்டாயத் தரங்களை மூன்று திங்களில் வகுக்குமாறு ஆணையிட்டது. அடுத்து 2025 ஏப்பிரல் 30ஆம் நாள், அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூனும் பிறரும் தொடுத்த வழக்கில் பர்திவாலா, மகாதேவன் ஆகிய நடுவர் இருவர் தீர்ப்பளித்தனர். கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கு என்று பொறி கேட்டால், சிமிட்ட இமையில்லாதவர் எங்கே போவார்? இணைய வழிப் பணிகளை அடைதல் உயிர்வாழும் உரிமையின் கூறே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டி, இருபது கட்டளைகளும் பிறப்பித்தது.

அயல்நாட்டில் இவ்வுணர்வு முன்பே வந்துவிட்டது. சிட்னி ஒலிம்பிக்கு விளையாட்டின் இணையத்தளத்தைத் தம்மால் படிக்க இயலவில்லை என்று புரூசு மகுவயர் என்னும் பார்வையற்றவர் 1999இல் முறையிட்டார். 2000 ஆகத்தில் அவர் பக்கமே தீர்ப்பாகி 20,000 ஆத்திரேலிய வெள்ளி இழப்பீடும் வழங்கப்பட்டது. அது விளையாட்டுச் செய்தி. இங்கே கேட்பது உணவும் நிலமும் உதவித்தொகையும்.

தமிழ்நாட்டில் ஆட்சிமொழி தமிழ் என்று 1956இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்சிமொழி என்பது கண்ணுள்ளவருக்கு மட்டும் ஆட்சிமொழியா? பார்வையற்ற தமிழர் பலர், அரசுப் பக்கத்தில் ஆங்கிலப் பகுதிக்குத் தாவினால்தான் திரைபடிப்பான் ஒழுங்காகப் பேசுகிறது என்னும் நிலைக்குத் தள்ளப்படுவாரானால், ஆங்கிலத்துக்கு ஆள்பிடித்துக் கொடுப்பது தமிழக அரசேயாகும்.

இனி, உறைக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தனித்தமிழன்பர் இக்குற்றத்திலிருந்து முற்றும் விடுபட்டவரா? அரசுத் தளத்தில் 'அங்கீகாரம்' என்றிருந்தால் 'ஒப்புதல்' என்று திருத்தச் சொல்லி மடல் எழுதுகின்றனர், நன்று. அந்த 'ஒப்புதல்' பொறிக்குப் படிக்கத்தக்கதாய் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. தமிழ்ப்பற்றாளர் இதழ்களின் பழைய தொகுப்புகளும் அரிய நூல்களும் பல படக்கோப்புகளாகவே ஏற்றப்பட்டுக் கிடக்கின்றன. தமிழிணைய மின்னூலகத்தின் ஆயிரக்கணக்கான நூல்களும் பெரும்பாலும் படங்களே. அரிய பணிதான், ஆனால் பார்வையற்ற தமிழ்மாணவருக்கு அவை பூட்டிய பெட்டி. இதற்கு மாறாக, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கலியாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அன்பர் பலர் கூலியின்றி நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டெழுதி ஏற்றினர். அங்குள்ள நூலைத் திரைபடிப்பான் படிக்கிறது. இரண்டு பணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடினால்தான் காணலாம்.

ஆகவே விளாத்திகுளத்திலோ கோவிற்பட்டியிலோ தூத்துக்குடியிலோ உள்ள தமிழன்பர் ஒவ்வொருவரும் ஒரு மாலை, தம் கைப்பேசியின் திரைபடிப்பானை இயக்கி, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, தம் நிலத்தின் சிட்டாவையோ முதியோர் உதவித்தொகை அறிவிப்பையோ கேட்டறிய முயல்க. எந்தப் பக்கத்தில், எந்தப் பொத்தானில், எந்தப் படத்தில் வழி அடைபட்டது என்பதை நாள் குறித்து எழுதுக. அதைத் துறைச் செயலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் அனுப்புக. சட்டத்தின் 89ஆம் பிரிவு முதல் மீறலுக்குப் பதினாயிரம் உருபா வரையிலும், மேலும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலக்கம் வரையிலும் தண்டம் விதிக்க இடந்தருகிறது என்பதையும் குறிப்பிடுக. மடல் ஒருங்குறித் தமிழில் இருக்கட்டும். மறுமொழி ஒளிவருடிய படமாக வராமல் எழுத்தாக வரவேண்டும் என்று அதன் அடியிலேயே எழுதிவிடுக.