அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: கையெழுத்து நாளில் பள்ளி மாணவர்களுக்கு இடம் குறைவது ஏன்?

2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. ‘ஓல் மிஸ்’ எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக ஃபுட்பால் அணி 12 ஆட்டங்களில் 11-ஐ வென்று உச்சத்தில் இருந்தது. அன்றுதான் அதன் தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின், போட்டி அணியான லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போவது உறுதியானது. அடுத்த மூன்றாவது நாள், டிசம்பர் 3, பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளுடன் ஒப்பந்தம் போடும் ‘கையெழுத்து நாள்’. கிஃபினை நம்பி ஓல் மிஸ்ஸுக்கு வருவதாகச் சொன்ன மாணவர்களுக்கு யோசிக்கக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

இது ஒரு கோச்சின் கதை மட்டும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அணி கட்டும் முறையே மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் சுமை 17, 18 வயது மாணவர்கள் மேல் விழுகிறது.

கையெழுத்து நாள் என்றால் என்ன?

இங்கே பேசப்படுவது ஹெல்மெட், தோள்கவசம் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். அதன் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ உண்டு. கல்லூரி மட்டத்தில் அது கிடையாது. ஐபிஎல் மாதிரி ஏலமும் கிடையாது. கோச்சுகள் பள்ளி பள்ளியாக, வீடு வீடாகப் போய் மாணவரிடமும் பெற்றோரிடமும் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். இதுதான் ‘ரெக்ரூட்டிங்’.

‘உங்கள் கல்லூரிக்கு வருகிறேன்’ என்று மாணவர் சொல்வது ‘கமிட்’. இது வெறும் வாய்வார்த்தை. மாணவரும் மனம் மாறலாம், கல்லூரியும் கைவிடலாம். கையெழுத்து போட்ட பிறகுதான் உதவித்தொகை உறுதியாகும். மற்ற கல்லூரிகளும் அவரை இழுக்க முடியாது.

பல ஆண்டுகளாக பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் அந்த நாள். 2017-ல் டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு வந்தது. 2024 முதல் அது டிசம்பர் முதல் புதன்கிழமையிலேயே தொடங்குகிறது. இப்போது பெரும்பாலானோர் டிசம்பரிலேயே முடித்துவிடுகிறார்கள்.

என்ன மாறியது?

பணம்: 2021 ஜூலை 1 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். அடுத்த திருப்பம் 2025 ஜூன் 6-ல் வந்தது. ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். அதில் சேர்ந்த கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். 2025-26-க்கான உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். பெரிய கல்லூரிகளில் இதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கே போகிறது.

போர்ட்டல்: முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2018-ல் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்தது. முதல் முறை மாறுபவருக்கு 2021-லும், எத்தனை முறை மாறினாலும் என்று 2024-லும் அந்தத் தடை நீங்கியது. படிப்பில் தகுதி இருந்தால் போதும். 2026-ல் இதற்கான காலம் ஜனவரி 2 முதல் 16 வரை. அதாவது, டிசம்பர் கையெழுத்துக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து!

105: முன்பு ஃபுட்பாலில் 85 பேருக்குத்தான் உதவித்தொகை. ஆனால் உதவித்தொகை இல்லாமல் ஆடும் ‘வாக்-ஆன்’ வீரர்களைச் சேர்த்து 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் உண்டு. ஹவுஸ் சமரசம் 85 என்ற வரம்பை எடுத்துவிட்டு, மொத்த அணிக்கே 105 பேர் என்று கட்டியது. இதனால் இடம் இழக்கும் வீரர்களைக் காக்க வழி செய்யும் வரை வில்கன் ஒப்புதலைத் தள்ளிவைத்தார். ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்கு விலக்கு கிடைத்தது. இனி வளர்ந்து வரும் பள்ளி மாணவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கோச்சுகளின் கணக்கு என்ன?

இண்டியானா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2023-ல் 12 ஆட்டங்களில் 3 வெற்றி. அந்த ஆண்டு இறுதியில் வந்த கோச் கர்ட் சிக்னெட்டி, தன் பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனில் இருந்து பல வீரர்களைக் கூடவே அழைத்து வந்தார். 2025 சீசனில் இண்டியானா தேசிய சாம்பியன். அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்து மாறி வந்தவர். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் வென்றார்.

இதைப் பார்க்கும் மற்ற கோச்சுகளின் கணக்கு எளிது. 18 வயதுப் பையனை எடுத்தால் மூன்று ஆண்டு வளர்க்க வேண்டும். வளர்ந்ததும் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். கையில் இருப்பது 105 இடமும் குறிப்பிட்ட பணமும்தான். அப்போ, ஏற்கெனவே கல்லூரி அளவில் ஆடிக் காட்டிய 22 வயதுக்காரரை எடுப்பது பத்திரம். தோற்றால் தன் வேலையும் போகும் என்று கோச்சுக்குத் தெரியும்.

யாருக்கு நஷ்டம்?

ஐந்து நட்சத்திர மதிப்பீடு பெற்ற மாணவருக்குக் கவலை இல்லை. எல்லாக் கல்லூரியும் அவர் வாசலில் நிற்கும். அடி வாங்குவது நடுவில் இருப்பவர்: நல்ல ஆட்டக்காரர், ஆனால் உடல் இன்னும் தேறவில்லை, வீட்டில் கல்லூரிச் செலவுக்கு வசதி இல்லை. முன்பு இப்படிப்பட்டவருக்கு அணியின் கடைசி 20 இடங்களில் ஒன்று கிடைக்கும். இன்று அதே இடத்துக்கு போர்ட்டலில் இருந்து வரும் மூத்த வீரருடன் மோத வேண்டும். தோற்றால் அவர் இழப்பது ஃபுட்பாலை மட்டும் அல்ல, பட்டப்படிப்புக்கான வழியையும்தான்.

அதேசமயம், பழைய முறை நியாயமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. கோச்சுகள் கோடிகளில் சம்பாதித்தபோது வீரர்களுக்கு உதவித்தொகையைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை. தவறான கல்லூரியில் மாட்டினால் மாறுவதும் கடினம். இன்றைய சுதந்திரம் அணிக்குள் இருப்பவர்களுக்கு வரம். வாசலில் நிற்பவர்களுக்கு அதுவே தடை.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

கையெழுத்து நாளில் ‘யார் முதலிடம்’ என்ற தரவரிசைதான் தலைப்புச் செய்தியாகும். அதைவிட முக்கியமானவை இரண்டு. ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை பள்ளி மாணவர்களை எடுத்தது? எத்தனை இடங்களை ஜனவரிக்காகக் காலியாக வைத்தது? பள்ளி மாணவர்களுக்கு இனி எவ்வளவு இடம் இருக்கும் என்பது அந்த எண்களில் தெரிந்துவிடும்.