தொந்திக்கும் தொட்டிலுக்கும் சம்பந்தம் உண்டு!

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும்... 'என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?' என்ற கேள்வி மருமகளைத்தான் துரத்தும். விரதம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அவளுக்கே! நூறு கிலோவைத் தொட்டுவிட்ட மகனிடம், 'நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோப்பா' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இது நியாயமா, சொல்லுங்கள்.

குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் குறை இருக்கிறது. அதில் உடல் பருமனுக்கும் பங்குண்டு.

எப்படி என்கிறீர்களா? வயிற்றில் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கூடினால், விந்தணு உற்பத்திக்கு மூளையிலிருந்து வரும் உத்தரவு குறைந்துவிடும். போதாததற்குச் சூடு வேறு! விரைகள் உடம்பைவிட இரண்டு, மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். தொடையிலும் அடிவயிற்றிலும் சதை மூடினால் அந்தக் குளிர்ச்சி ஏது?

இளைத்தால் பலன் உண்டா? உண்டு. டென்மார்க்கில் பருமனான 56 ஆண்களுக்கு எட்டு வாரம், தினம் 800 கலோரி உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. சராசரியாக 16.5 கிலோ குறைந்தது; விந்தணுக்களின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. ஆனால் ஒரு வருஷம் கழித்தும் பலன் நிலைத்தது, எடையை மறுபடி ஏறவிடாதவர்களுக்குத்தான்!

அதற்காக, இளைத்தவருக்கெல்லாம் குழந்தை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று அந்த ஆய்வு கணக்கெடுக்கவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் விந்துப் பரிசோதனை. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால், 'இளைச்சப்புறம் பார்க்கலாம்' என்று நாளைக் கடத்தாதீர்கள். டாக்டரைப் பார்ப்பதும் எடையைக் குறைப்பதும் சேர்ந்தே நடக்கட்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. 800 கலோரி பட்டினியை டாக்டர் மேற்பார்வையில்லாமல் முயற்சிக்க வேண்டாம். 'ஆண்மை கூடும்' என்று ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசியைச் சிபாரிசு செய்தால் ஓடி வந்துவிடுங்கள். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

ஒரு விந்தணு உருவாகி முதிர்ச்சியடைய ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இன்றைய நடைப்பயிற்சியின் பலன் அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டில் தெரியும். பொறுமை வேண்டும். ராத்திரி எட்டு இட்லி நாலாகட்டும். சாயங்கால பஜ்ஜிக்கு லீவு விடுங்கள். கணவரும் மனைவியும் ஒன்றாகவே நடக்கப் போங்கள்.

மாமியார்மார்களே... அடுத்த தடவை மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, மகனையும் கூடவே அனுப்புங்கள்!